குறுக்குப் பலகை

புதன்கிழமை இரவு பத்து மணி.
லெர்விக்கில் ஜூன் வெளிச்சம் இன்னும் கிளம்பவில்லை.
ஓஸ்லா மூவட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டும்,
ஒற்றைப் பத்தி அகலத்தில்.
வடகரைக்காரர்கள் எழுபத்திரண்டு பேர் கையெழுத்திட்டு
சால்மன் பண்ணைத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

'த்வார்ட்' என்று அடித்தாள்.
ஆங்கிலத்தில் ஆறே எழுத்து,
குறுகிய பத்தியில் காலை மடக்காமல் உட்காரும்.
தலைப்பெழுதுகிறவர்கள்
சில்லறைபோல் பையில் வைத்திருக்கும் வினை.

அடித்தபின்தான் யோசித்தாள்.
சாக்கடையை த்வார்ட் செய்ய முடியாது,
அது அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
சாலையையும் முடியாது.
நேற்று ஒரு செம்மறி பேருந்தை மறித்து நின்றது
ஏழு நிமிடம்.
யார்மேலும் அதற்குப் பகையில்லை.
இந்த வினைக்கு எதிரே ஒரு மனசு வேண்டும்,
புறப்பட்டுவிட்ட ஓர் எண்ணம்,
பெட்டி கட்டி முடித்த ஆசை.

சரி, காற்று?
மார்ச்சில் அபர்டீன் கப்பல் இரண்டு நாள் ஓடவில்லை.
அவளுடைய நேர்காணல்
அந்த இரண்டு நாளுக்குள் இருந்தது.
'புயலால் த்வார்ட் ஆனேன்' என்று அக்காவுக்கு எழுதி
உடனே அழித்தாள்.
அகராதி காற்றுக்கும் இடம் தருகிறது.
ஓஸ்லா தரவில்லை.
நேர்காணல் பத்து மணிக்கென்று
காற்றுக்கு யார் சொன்னது?

தொலைபேசியிலேயே பேசிக்கொள்ளலாம் என்றார்கள் அபர்டீனில்.
பிறகு ஏனோ கூப்பிடவில்லை.
மே மாதம் யாரோ சொல்லித் தெரிந்தது:
அவர்கள் முதலில் கூப்பிட்டது
ஆசிரியர் கில்பர்ட் ஐஸ்பிஸ்டரை.
'கெட்டிக்காரி, ஆனால் அவ்வளவு தூரம் வந்து
நிலைப்பாளா தெரியவில்லை' என்றாராம்,
அன்பாகத்தான்.
அச்சுக்குப் போகும் இரவுகளில்
அவளுக்கு இஞ்சி பிஸ்கட் வாங்கி வருகிறவர்.

இந்த வினை பெரும்பாலும் செயப்பாட்டில்தான் நடமாடும்.
கொள்ளை த்வார்ட் செய்யப்பட்டது,
தப்பிக்கும் முயற்சி த்வார்ட் செய்யப்பட்டது.
செய்தவர் வாக்கியத்தின் வாலில் இருப்பார்.
இடம் பற்றாதபோது முதலில் வெட்டுப்படுவது வால்.
அவள் கத்தரியே எத்தனை வால் பார்த்திருக்கிறது.

வியாழன் மாலை யோல் படகு.
ஆறு பெண்கள், ஆறு துடுப்பு, மூன்று இருக்கை.
நடுப் பலகையைக் கழற்றி
வார்னிஷ் பூசக் கொடுத்திருந்தார்கள்.
அது இல்லாமல் படகின் விலா
கைவைத்தால் உள்வாங்கியது,
தூங்குகிறவரின் நெஞ்சுபோல.
'த்வார்ட்டைப் பிடி' என்றாள் பார்பி லீஸ்க்,
பலகையின் ஒரு முனையை நீட்டி,
வாயில் இரண்டு திருகாணியோடு.

ஓஸ்லா பிடித்துக்கொண்டு நின்றாள்.
முப்பத்தாறு வருஷமாக உட்கார்ந்த பலகை.
அதன் பெயரை ஒருநாளும்
அந்த வினையோடு சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.
குறுக்கே போட்டது.
தமிழில் இதைச் சொல்லும்போது எனக்கு இன்னொன்றும் கிடைக்கிறது:
வழியில் நிற்பதும் குறுக்கு,
துடுப்புப் போட்டுப் போட்டு வலிக்கிற இடமும் குறுக்கு.
ஓஸ்லாவுக்கு அது கிடைக்காது.
அவளுக்கு வலி மட்டும் உண்டு.

வெள்ளிக்கிழமை வடகரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.
'நாங்கள் யாரையும் த்வார்ட் செய்யவில்லை, அம்மா.
வேண்டாம் என்று சொன்னோம்.'
வருத்தம் தெரிவித்து, குறித்துக்கொண்டு,
அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினாள்
கில்பர்ட் என்று தொடங்கும் ஒரு வாக்கியம்.
எழுவாய், வினை, 'என்னை'.
மூன்றே சொல். வால் இல்லை.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பலகை திரும்பி வந்து பொருந்திவிட்டது.
அதன்மேல் உட்கார்ந்து வலிக்கிறாள்,
போகுமிடத்துக்கு முதுகு, விட்டுவந்த கரைக்கு முகம்.
துறைமேடையில் கில்பர்ட்,
தொப்பியைக் கழற்றி ஆட்டுகிறார்.
காகிதம் இன்னும் சட்டைப்பையில்தான்,
வியர்வையில் நனைந்துகொண்டிருக்கிறது.
அவளுடைய இரண்டு கையும் துடுப்பில்.
பதிலுக்குக் கையசைக்க முடியாது என்பது
இன்றைக்கு
எவ்வளவு வசதி.